விட்டுவிட்டார்கள் என்று நினைத்தோம்

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு பெண்ணின் செயினைப் பறித்ததாக அவர்மேல் வழிப்பறி வழக்கு. அந்த நேரம் வேலையில் இருந்தேன் என்று அவர் சொன்னது கோர்ட்டில் எடுபடவில்லை. இரண்டு வருடம் சிறைத் தண்டனை என்றார்கள். ஆனால் அன்று மாலையே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வக்கீல் ஏதோ சொன்னார். அழுகையில் என் காதில் ஏறவில்லை. ஆண்டவர் காப்பாற்றிவிட்டார் என்று சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

சில வாரம் கழித்து ஊத்துக்கோட்டை பஸ்ஸில் வக்கீலின் குமாஸ்தாவைப் பார்த்தேன்.

“இன்னாம்மா, போன் போட்டா போவவே மாட்டேங்குது. அப்பீலுக்கு உன் ஊட்டுக்காரரு கையெழுத்துப் போட வேணாமா?”

“அதான் உட்டுட்டாங்களே சார்?”

“உடலம்மா. அப்பீல் போடத்தான் தண்டனைய நிறுத்தி வெச்சிருக்காங்க. நாளையோட கெடு முடியுது. போடலன்னா புடிச்சிக்கினு போயிடுவாங்க.”

என் கணவரை ஷிப்டிலிருந்து வரவழைத்துக்கொண்டு திருவள்ளூருக்கு ஓடினேன். மறுநாள் கோர்ட் மூடும் நேரத்தில்தான் அப்பீல் தாக்கலானது.

வழக்கு இன்னும் முடியவில்லை. யாராவது கதவைத் தட்டினால் அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுகிறார். நான் இப்போதெல்லாம் வாய்தாவுக்குப் போனால், “அடுத்து நாங்க இன்னா பண்ணணும்?” என்று வக்கீலிடம் கேட்கிறேன். அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் கோர்ட் படி இறங்குகிறேன்.