யாரும் இல்லாத அறைக்கு ஒரு குழாய்

சண்டையில் நகரம் இரண்டாகப் பிளந்த பிறகும் தண்ணீருக்கு ஒரே பம்ப் ஹவுஸ்தான். அதுவும் இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் நடுவில். அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கை எல்லோரும் தண்ணிக்காரர் என்றார்கள். ஆரஞ்சுச் சட்டையோடு அவர் நடந்து வந்தால் சுடுவது நிற்கும். யாருக்கும் சாயக் கூடாது, ஒரு பக்கம் பார்த்ததை இன்னொரு பக்கம் சொல்லக் கூடாது என்று இரு தரப்போடும் பேச்சு.

"மாமா, நீங்க எந்தப் பக்கம்?" என்று மைத்துனன் சீண்டுவான்.

"குழாய்ப் பக்கம்டா."

ஒரு நாள் நண்பகலில், மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் டக், டக் என்றது. காற்று அடைத்திருக்கும் என்று ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டினார். உள்ளிருந்தும் மூன்று தட்டு வந்தது. காதை வைத்துக் கேட்டார். மண்ணுக்கடியில் யாரோ, "தண்ணி" என்றார்கள்.

"வாயத் திறந்தா உங்கள விட்டுவைப்பாங்களா? அப்புறம் ஊருக்கே தண்ணி ஏது?" என்று மனைவி அழுதாள்.

மறுநாள் அந்தப் பகுதித் தளபதியிடமே போனார்.

"கீழ யாரும் இல்ல" என்றார் தளபதி, சிரித்தபடி.

"சரிங்க. அந்த யாரும் இல்லாத ரூமுக்கு ஒரு குழாய் இறக்கிக்கறேன். அந்தப் பக்கம் உங்க ஆளுங்க மாட்டியிருந்தாலும் இதேதான் கேப்பேன்."

தளபதியின் சிரிப்பு நின்றது. "குழாய் மட்டும்."

தரையோடு ஒட்டிய காற்றுத் துளையில் குழாயை இறக்கியபோது, இருட்டிலிருந்து சில்லென்ற விரல்கள் அவர் கையைப் பற்றின. இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தன. அதன்பின் தினமும் குரல்கள் கேட்டன. போகப் போகக் குறைந்தன.

சமாதானம் வந்தது. பள்ளிக்கூடத்து நிலவறையைத் திறந்து, மிஞ்சிய கைதிகளைத் தூக்கி வந்தார்கள்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்று விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி கேட்டார்.

"சொல்லியிருந்தா ரெண்டு பக்கமும் தண்ணி நின்னிருக்கும்மா. இப்ப கேளுங்க." அங்கே உட்கார்ந்திருந்த தளபதியின் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொன்னார்.

வெளியே தளபதியின் எதிர்த்தரப்பார் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். "நீங்க நம்ம ஆளுண்ணே!"

"உங்க பழைய கிடங்குக்கு அடியிலயும் ஒரு ரூம் இருந்துச்சே" என்றார் அவர். "அதையும் சொல்லிட்டேன்."

தோளிலிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. அவர் தனியாக வீட்டுக்கு நடந்தார்.