அம்மா நடுவரான கதை

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அப்பாவும் மாமாவும் ஒருவரோடொருவர் பேசாமலேயே ஒரு பட்டறையை நடத்திக்கொண்டிருந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஓசூரில் எங்கள் வீட்டை ஒட்டியே இருந்த அந்த லேத் பட்டறையில் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தார்கள். அப்பாவுக்கு உள்ளூர் வேலைதான் முதலில். மாமாவுக்கு பெங்களூர் வேலை. ஒருநாள் அப்பா மெஷினில் ஏற்றச் சொன்னதை மாமா இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றச் சொன்னார். அப்பா வந்து அதையும் இறக்கினார். சாயங்காலம் இரண்டு கம்பெனி வண்டிகளும் காலியாகத் திரும்பிப் போயின.

பட்டறையைப் பிரித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. அன்றைக்கு அம்மா குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். இருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களிடம் ஒற்றுமை மிச்சமிருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்த ஒரு வக்கீல் வழி சொன்னார். இனி என்ன தகராறு வந்தாலும் ஒரே நடுவர் கேட்டுச் சொல்வதுதான் முடிவு என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், பிரிவதைப் பிறகு பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து எழுத உட்கார்ந்தார். மற்ற ஷரத்தெல்லாம் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நடுவர் பெயரில்தான் சிக்கியது. அப்பா சொன்னவர் அப்பாவின் ஊர்க்காரர் என்று மாமா மறுத்தார். மாமா சொன்னவர் மாமாவோடு கன்னடத்தில் பேசுவார், என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாது என்று அப்பா மறுத்தார். ஆளுக்கொரு நடுவர் வைத்தால் என்ன என்று மாமா கேட்டதற்கு, அந்த இரண்டு பேருக்கும் ஒரு நடுவர் தேட வேண்டிவருமே என்றார் வக்கீல்.

கடைசியில் மாமா, "என் தங்கச்சி பேர எழுதுங்க" என்றார்.

அப்பா யோசிக்கவே இல்லை. "என் பொண்டாட்டிதான, எழுதுங்க."

இருவரும் ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் சிரித்துக்கொண்டே, நடுவர் இரு தரப்புக்கும் உறவு என்பது தெரிந்தே சம்மதிக்கிறோம் என்று தனியாக ஒரு வரி சேர்த்தார்.

அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். தனக்கும் ஒரு ஷரத்து வேண்டும் என்றாள்.

"ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் பேசக்கூடாது. நான் சொன்னப்பறம் ரெண்டு பேருமே பேசக்கூடாது. அதுக்கோசரம் வீட்ல வந்து மூஞ்சத் தூக்கி வச்சுக்கவும் கூடாது."

"இதெல்லாமா எழுதுவாங்க?" என்றார் அப்பா.

"எழுதுனாதான் நான் ஒத்துக்குவேன்."

எழுதினார்கள்.

மறுநாளே முதல் வழக்கு. அம்மா பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருவரையும் கேட்டாள். முதலில் வாக்குக் கொடுத்தது பெங்களூருக்கு, அதனால் அந்த வேலையை முதலில் ஏற்ற வேண்டும் என்றாள். மாமா சிரித்தார். இனிமேல் அப்பாவைக் கேட்காமல் மாமா யாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது என்றாள். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிவிட்டு மெஷினைப் பார்க்கப் போனார். மத்தியானத்துக்குள் இருவரும் ஒரே மெஷின் பக்கத்தில் நின்று அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் அம்மாவிடம் போய், "நீ யார் பக்கம்மா?" என்று கேட்டேன்.

"இனிமே நான் யார் பக்கமும் இல்லடி."

எனக்குப் பாவமாகிவிட்டது. மாமா பக்கமும் இல்லை, அப்பா பக்கமும் இல்லை என்றால் அம்மாவுக்கு யார்தான் இருக்கிறார்கள்? கையிலிருந்த கடலை மிட்டாயில் பாதியை உடைத்துக் கொடுத்தேன். அவள் அந்த நாற்காலியிலேயே காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல் அதை மென்றாள். யார் பக்கமும் இல்லாமல் போனதில் அவளுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.