சும்மா இருக்கப் போன நாலு நாள்

கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க பாஸ்போர்ட் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மட்டாஞ்சேரியில் என் வீட்டிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் கடல். அங்கே உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் அக்கா கேட்டால்தானே! ஆலுவா வரைக்கும் என்னை இரண்டு முறை இழுத்துக்கொண்டு போய், கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்து, "பல்லைக் காட்டாதடீ, கேஸ்ல பிடிச்ச மாதிரி இரி, அதுதான் அவங்களுக்கு வேணும்" என்று அதட்டி, எனக்கும் ஒன்று எடுத்துவிட்டாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலையில் இருபத்திரண்டு வருடமாக என் ஜோடி. எங்கள் வேலையில் இரண்டிரண்டு பேராகத்தான் விடுவார்கள். ஒருத்தி முன்னால் கூட்டிக்கொண்டே போய்ப் பத்தடிக்கு ஒரு குவியல் வைப்பாள். மற்றவள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து, இரண்டு தகரத் துண்டால் அள்ளிப் போடுவாள். நான் துடைப்பம், அவள் வண்டி. மசாலாக் கிடங்குகள் இருக்கிற தெரு எங்களுடையது. சுக்குத் தோலும் மிளகாய்க் காம்பும் மூக்கில் ஏறி, விடிவதற்கு முன்பே இரண்டு பேரும் தும்ம ஆரம்பித்துவிடுவோம். வண்டிச் சக்கரம் பின்னால் கிரீச் கிரீச் என்று கேட்டுக்கொண்டே வரும். அது கேட்டால் போதும், நான் அடுத்த குவியலுக்குப் போய்விடுவேன். திரும்பிப் பார்த்ததே கிடையாது.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தர் தெருவை இன்னொருத்தர் தொடக்கூடாது. இனி அந்த ஆள் வரவே மாட்டார் என்றால்தான் வேறு துடைப்பம் அங்கே இறங்கும். ஒரு தடவை நான் காய்ச்சலில் படுத்தபோது பக்கத்துத் தெருக்காரி நல்ல மனசோடு என் தெருவைக் கூட்டிவிட்டாள். அக்கா அவளைப் பிடித்து, "ஏன், அவ செத்துட்டாளா? மாலை வாங்கிட்டு வந்தியா?" என்று போட்ட சத்தத்தில் கிடங்குக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு அடுத்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. மகள் வளைகுடாவில் நர்ஸ். அங்கேயே வந்து இருந்துவிடு, இனி ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடக்கூடாது, சும்மா இருந்தால் போதும் என்று அவள் கூப்பிடுகிறாள். அக்காவுக்கு அந்தச் 'சும்மா'தான் பயம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? அதனால் ஒரு பரீட்சை வைத்தாள். நாலு நாள் வெளிநாட்டுக் கடற்கரையில் ஒரு வேலையும் செய்யாமல் இருந்து பார்ப்பது. முடிந்தால் மகளோடு போய்விடுவது. முடியாவிட்டால் பக்கத்திலேயே சுள்ளிக்கல்லில் தங்கச்சி வீட்டு மாடியில் இருந்துகொள்வது. கூட யார் வேண்டும் என்று மகள் கேட்டதற்கு என்னைச் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கு ஏன் வெளிநாடு? ஃபோர்ட் கொச்சி கடல் கடல் இல்லையா?" என்று கேட்டேன்.

"அங்க குப்பை கிடந்தா அது ஆரோட பீட்டு, ஆரு கூட்டாம விட்டதுன்னு எனக்குத் தெரியும். போய் ரெண்டு சீத்த பறஞ்சு திட்டாம என்னால இருக்க முடியுமா? வேற நாட்டுக் குப்பைன்னா நமக்கென்ன?"

இந்த நியாயம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதைவிடப் புரியாதது, என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்பது. அவள் சும்மா இருக்கப் பழகிவிட்டால் நான் தனி. பழகாவிட்டால் அவள் சுள்ளிக்கல்லில்தான் இருப்பாள், சாயங்காலம் சாயா குடிக்கப் போகலாம். அப்படியானால் நான் அங்கே போய் அவளுக்கு உதவ வேண்டுமா, காரியத்தைக் கெடுக்க வேண்டுமா? இருதலைக் கொள்ளி எறும்பாக விமானம் ஏறினேன். ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் இறக்கிவிட்டார்கள். எர்ணாகுளத்துக்குப் பஸ்ஸில் போனாலே சில நாள் அவ்வளவு ஆகும்.

நீர்கொழும்பு. மகள் பார்த்துக் கொடுத்திருந்த ஹோட்டல் மணலிலேயே நின்றது. இரண்டு சாய்வு நாற்காலி போட்டு, கையில் ஆளுக்கொரு இளநீரும் கொடுத்து, "ரெஸ்ட் எடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தோம். எதிரே கடல் வந்து வந்து போனது. அதுவும் எங்கள் கடல் மாதிரி மேற்கே பார்த்த கடல்தான். பழுப்புத் தண்ணீரும் நம்மூர் மாதிரியே.

"எத்தர நேரமாச்சு?" என்றாள் அக்கா.

"பத்து நிமிஷம்."

"என்டம்மே!"

முதல் நாள் அவள் அல்லாடினாள். டம்ளரைத் தானே கழுவினாள். துண்டுகளை நாலாக மடித்தாள். அறை துடைக்க வந்த பெண் வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் எங்களை முறைத்துவிட்டுப் போனாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இவள் எங்கே போகப் போகிறாள், நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று நினைத்தேன். நினைத்த உடனே வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அது நடந்தது. பக்கத்து நாற்காலியில் பேச்சே இல்லை. திரும்பினால், அக்கா சாய்ந்து கிடக்கிறாள். கை இரண்டும் தொங்க, வாய் லேசாகத் திறந்து, கடற்காற்றில் முடி பறக்க, நல்ல உறக்கம். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தில் ஒரு கோபமும் இல்லை. வேறு யாரோ போல இருந்தாள்.

சொல்லத்தானே வேண்டும், சொல்கிறேன். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அக்கா, வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டினியா?" என்றேன்.

துள்ளி எழுந்தாள். ஃபோனை எடுத்துக் கொச்சிக்கு அடித்து, கூட வேலை பார்க்கிறவளை விரட்டி, வண்டி பூட்டித்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவளால் சாய முடியவில்லை. சண்டாளி, நான் செய்த வேலை! என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. அவளானால், "நல்ல காலம் நீ ஞாபகப்படுத்தின" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. எந்த நாட்டில் இருந்தால் என்ன, நாலு நாலுதான். அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்காவது அவளைத் தூங்க விடுவோம், கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடக்கத்தான் வந்தேன், சத்தியமாக. ஆனால் ராத்திரி அலை கொண்டு வந்து தள்ளிய பாசியும் தேங்காய் மட்டையும் பாட்டிலும் ஹோட்டல் விளக்கு வெளிச்சத்தில் நீளத்துக்குக் கிடந்தன. சுவரோரம் நீளப் பிடி போட்ட குப்பை வாரி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் வாரினேன் என்று தெரியவில்லை. மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த குழப்பமெல்லாம் நின்று போயிருந்தது. ஊர்ப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. குவியல் பதினாலு ஆனபோது என்னவோ குறைவது போல இருந்தது. என்ன என்று யோசித்தேன். சத்தம். பின்னால் சக்கரச் சத்தம் கேட்கவில்லை.

"எங்க போய்த் தொலைஞ்சா இவ?" என்று வாய்விட்டே சொல்லித் திரும்பினேன்.

பதினாலு குவியலும் வரிசையாக அப்படியே இருந்தன. பின்னால் யாரும் இல்லை. எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே ஒரு நிமிடம் பிடிபடவில்லை. அக்காவுக்கு இன்றைக்கு நேரமாகிவிட்டது, வந்துவிடுவாள் என்றுதான் நம்பினேன். அப்புறம்தான் உறைத்தது. அடுத்த மாதத்துக்கு அப்புறம் இப்படித்தான் இருக்கப் போகிறது. வாரியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அப்போது ஹோட்டல் பக்கமிருந்து ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை. என்னையும் வாரியையும் குவியல்களையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டினமோ?" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. இன்னொருத்தர் தெருவில் துடைப்பம் போட்டிருக்கிறேன்! அக்கா மட்டும் பார்த்திருந்தால் என்னையே மாலை வாங்கி வந்தியா என்று கேட்டிருப்பாள். வாரியை அவர் கையில் கொடுத்து, "ஐயோ அண்ணா, இல்லண்ணா, அப்படி ஒண்ணும் இல்ல. நான் இங்க தங்க வந்தவ. கொச்சியில எனக்கும் இதே வேலைதான். கை தெரியாம இறங்கிடுச்சு, பொறுத்துக்கோங்க" என்றேன். கண்ணீர் வேறு வந்து தொலைத்தது.

அவர் குவியல்களை இன்னொரு தரம் பார்த்தார். "அதுதானே பாத்தன். இடைவெளி எல்லாம் சரியா இருக்கு" என்றார். பிறகு, "நீங்க இருங்கோ, நான் அள்ளுறன்" என்று வண்டியைத் திருப்பினார். அதன் சக்கரமும் கிரீச்சிட்டது. நான் மணலில் உட்கார்ந்து, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிக் குவியல் மிச்சம் இருந்தபோது அக்கா வந்தாள். முகத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"எடீ, மணி என்ன? ஃபோன்ல தப்பாக் காட்டுது."

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வதைத்தான் நம்பப் போகிறாள். அஞ்சரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இங்கேயும் உறக்கம் வரவில்லை என்று சுள்ளிக்கல்லுக்கே வந்துவிடுவாள்.

"ஆறே முக்கால்" என்றேன். "ஃபோன் சரியாத்தான் காட்டுது. நீ நல்லா உறங்கிட்ட அக்கா. உன்னால முடியும். போ, மகளோட போய் இரு."

அவள் கடைசிக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருடம் என் குவியலை அள்ளினவள்.

"இது ஆரு குவிச்சது?"

"இங்க வேலை பாக்கிற அண்ணன்."

"ஓ. வேலையை நல்லாப் படிச்சிருக்கான்." குனிந்து இரண்டு கையாலும் அதை ஒரே வாரலில் அள்ளி, ஒரு பிடி சிந்தாமல், அவர் வண்டியில் போட்டாள். அவர் திகைத்துப் போய் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அக்கா கையைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இது பரீட்சையில சேராதுடீ."

வேலை முடிந்ததும் மகளிடமே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறாள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். இப்போது என் பின்னால் வருகிற ஜோடி புதிது. நல்ல பெண், சுறுசுறுப்பு. வந்த முதல் வாரமே சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டாள். சத்தமே வருவதில்லை.

"ஏன் சேச்சி பத்தடிக்கு ஒருக்கா திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? நான் வந்துட்டுத்தானே இருக்கேன்" என்று கேட்கிறாள்.