காற்றுப் பீரங்கிக்கு ஓடி வந்தவர்கள்

போன வருடம் ஆடி மாதம், ஆமத்தூர் பக்கம் என் கணவரின் சித்தப்பாவுக்குச் சொந்தமான ஒரு தரிசுக் காட்டில் நடந்தது இது. நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். அச்சகத்தில் காகிதத்தை உறிஞ்சித் தூக்குவதும், ஊதிப் பிரிப்பதும் காற்றுதான். அந்தக் காற்றுக் குழாய்களையும் கம்ப்ரஸரையும் கவனிப்பது என் பொறுப்பு. என் கணவர் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். நான் வரைந்து கொடுத்தால் அவர் வெட்டி, வெல்டிங் வைத்துவிடுவார். வீட்டு கேட், துணி காயப்போடும் ஸ்டாண்டு என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னென்னவோ செய்திருக்கிறோம். அதில் பெரியது ஒரு பீரங்கி. வெடிமருந்து இல்லாமல், காற்றால் சுடும் பீரங்கி.

அதைச் செய்தது என் தங்கையின் கல்யாணத்துக்காக.

தங்கை முன்பு ஒரு பட்டாசு ஆலையில் ஆபீஸ் வேலையில் இருந்தாள். ஒருநாள் காலையில் டீ குடித்துவிட்டு எல்லோரும் அவரவர் அறைக்குப் போன சற்று நேரத்தில் மருந்து கலக்கும் அறை வெடித்துவிட்டது. ஆபீஸ் தள்ளி இருந்ததால் அவள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவளோடு டீ குடித்தவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. பிறகு அவள் அந்த வேலைக்குப் போகவில்லை. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடச் சேர்ந்தாள். தீபாவளி வந்தால் கிரைண்டரில் ஒன்றும் போடாமல் ஓடவிட்டு, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கல் உரசும் சத்தத்தில் வெளிச்சத்தம் கொஞ்சம் அமுங்குமாம். டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டாள், தூங்கினாள், கிரைண்டரை மட்டும் நிறுத்தவில்லை. இது அவளைப் பிடித்த ஒரு வியாதி, நாளாக ஆக விட்டுப் போகும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அவளுக்கு அமைந்த மாப்பிள்ளை வீட்டுக்குத் தொழிலே பட்டாசுதான். எங்கள் ஊரில் இது ஆச்சரியமில்லை. பட்டாசு இல்லையென்றால் தீப்பெட்டி, இரண்டும் இல்லையென்றால் அச்சகம். மாப்பிள்ளையின் அப்பா காலமான பிறகு ஆலையை நடத்துவது அவருடைய அம்மா. மகன் ஆலைக்குள் மேற்பார்வை பார்க்கிறார். மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. கல்யாணத்தில் வெடி போடக் கூடாது என்று தங்கை அவரிடம் சொல்லியிருந்தாள். அவரும் சரி என்றிருக்கிறார். ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசும்போதுதான் அது வெளியே வந்தது.

"எங்க வீட்டுல வெடி போடாம ஒரு விசேசமும் நடந்ததில்ல. வெடி செய்யுற வீட்டுக் கல்யாணத்துல வெடி இல்லைன்னா ஊரு என்ன சொல்லும்? கம்பெனி நொடிச்சுப் போச்சும்பாக" என்றார் அந்த அம்மா.

தங்கை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். குரலை உயர்த்தாமல், "அப்ப இந்தக் கல்யாணம் வேண்டாம் அத்தை" என்றாள்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் அம்மா கையில் காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். பேச்சு அங்கேயே முறிந்துவிடும் போலிருந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"வானத்துல பூ விரியணும், சனம் நிமிந்து பாக்கணும். அம்புட்டுதானே அத்தை? மருந்தே இல்லாம நான் செஞ்சு தாரேன்."

"மருந்து இல்லாம எப்பிடி?"

"காத்துல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபம் போய், தொழில் தெரிந்தவருக்கு வரும் யோசனை முகத்தில் வந்தது. "எம்புட்டு உசரம் போகும்?"

"தென்னைக்கு மேல."

"நான் கண்ணால பாக்கணும். நல்லாருந்தா சரி. இல்லைன்னா எங்க வழக்கப்படிதான் நடக்கும். சம்மதமா?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் ஆட்டினாள்.

சொன்னது சுலபம். அச்சகத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு கம்ப்ரஸர் டாங்கியை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். என் கணவர் பிளாஸ்டிக் பைப்பிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. காற்றை அடைத்த பிளாஸ்டிக் பைப் உடைந்தால் கண்ணாடி மாதிரி சிதறும். டாங்கியில் தண்ணீரை நிரப்பி, நாங்கள் ஏற்றப்போகும் அழுத்தத்துக்கு மேலேயே ஏற்றி, கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். குழலுக்கு ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் இரும்புப் பைப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு. அதை வானத்தைப் பார்த்து நிறுத்த ஒரு முக்காலி. செய்து முடித்துப் பட்டறை வாசலில் நிறுத்தியபோது ரோட்டில் போன பஸ்ஸிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் கையால் திருகித் திறக்கும் வால்வு போட்டிருந்தோம். திறந்ததும் காற்று புஸ்ஸென்று போனது. பூவுக்காகக் குழலுக்குள் போட்டிருந்த கலர்க் காகிதத் துண்டுகள் அதன் வாயில் வந்து நின்று, வெளியே வழிந்தன.

"பீரங்கி மாதிரி இல்லையே. சளி பிடிச்ச ஆளு இருமுன மாதிரில்ல இருக்கு" என்றார் என் கணவர்.

பலூனைக் குத்தினால் காற்று ஒரே நொடியில் வெளியேறுகிறதே, அப்படித் திறக்க வேண்டும். குழலின் அடியில் ஒரு வட்டத் தகடு, அதைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்கக் கொஞ்சம் காற்று. அந்தப் பின்காற்றை வெளியே விட்டால் தகடு சட்டென்று விலகி, டாங்கியில் இருக்கும் மொத்தக் காற்றும் குழலுக்குள் பாயும். தகட்டுக்கு அச்சகத்தின் பழைய ரப்பர் விரிப்பில் வெட்டிய ஒரு வாஷர். இதைச் சரிப்படுத்த ஆனி மாதம் முழுக்க ஓடிவிட்டது.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை. காலண்டர் வெட்டிய ஓரங்கள் அச்சகத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஆனால் சாமி படத்தின் துண்டு ஏதாவது கலந்து, அது மண்டபத்து வாசலில் விழுந்து மிதிபட்டால் வம்பு. அதனால் வெறும் கலர் ஓரங்களாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

சம்பந்தியம்மாவுக்குச் சுட்டுக் காட்ட நாள் குறித்தோம். ஆமத்தூர்க் காட்டைத் தேர்ந்தெடுத்தது அங்கே வீடுகள் தள்ளி இருப்பதால். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேராக அங்கே வருவதாகச் சொன்னார். அவர்களுடைய ஆலையும் அந்தத் திசையில்தான், கண்மாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம். தங்கையும் வருவேன் என்றாள். எனக்கு விருப்பமில்லை.

"மண்டபத்துல மொத தடவ கேக்குறதுக்கு இங்கன கேட்டுக்கிடுதேன்க்கா. ஆகாதுன்னா இப்பவே தெரிஞ்சிரும்" என்றாள். காட்டின் ஓரத்தில் நிறுத்தியிருந்த எங்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஆடிக் காற்று சுழற்றி அடித்தது. முதலில் போட்ட காகிதத்தில் பாதியைக் குழலின் வாயிலிருந்தே காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதற்குள் என் கணவர் டாங்கியில் காற்றை ஏற்றி முடித்திருந்தார். இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் நேரமாகும். நான் ஒரு ஸ்டூலில் ஏறி, குழலுக்குள் இன்னும் கொஞ்சம் காகிதத்தைப் போட்டு, கம்பால் குத்தி இறக்கினேன். இறங்கி ஸ்டூலை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்திருப்பேன். ரப்பர் வாஷர் பிய்த்துக்கொண்டு பீரங்கி தானாகவே சுட்டுவிட்டது.

பட்டாசு வெடித்தால் 'பட்' என்று உடைந்த மாதிரி கேட்கும். இது அப்படியில்லை. அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு தடித்த சத்தம். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. காதுக்குள் ஊதல் சத்தம் நிற்கவே இல்லை. என் கணவர் ஓடி வந்து என் முகத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நான் நிமிர்ந்து மேலே பார்த்தேன். சொன்னபடியே தென்னைக்கு மேல், அதற்கும் மேல், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் காகிதம் விரிந்து நின்றது. அப்புறம் காற்று அதை மொத்தமாகச் சாய்த்து ஊர்ப் பக்கம் கொண்டுபோனது. நன்றாகத்தான் இருந்தது. உயிர் தப்பிய அந்த நேரத்திலும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வண்டிப்பாதையில் ஆட்கள் வருவது தெரிந்தது. பெரும்பாலும் பெண்கள். ஓடி வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு, ஒருத்தி மாவு பிசைந்த கையோடு. ஒருவரும் கத்தவில்லை, அழவில்லை. ஓடியபடியே வானத்தைத்தான் பார்த்தார்கள். புகை தேடினார்கள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

முன்னால் வந்த அக்கா மூச்சு வாங்க, "எந்த ஆலைம்மா?" என்று கேட்டார்.

"ஆலை இல்லக்கா. காத்து. வெறும் காத்துதான்" என்று குழலைக் காட்டினேன்.

அவர் குழலைப் பார்த்தார். தோளில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "சத்தம் கேட்டுச்சு. வாசலுக்கு வந்தா மேல இருந்து காயிதம் விழுது. அப்ப பக்கத்துலதான்னு நெனச்சேன். எங்க வீட்டு ஆளு இன்னைக்கு வேலைக்குப் போயிருக்காக" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் சம்பந்தியம்மா வந்தார். ரோட்டில் வரும்போதே சத்தம் கேட்டிருக்கிறது. மரங்களுக்கு மேல் காகிதம் பறந்ததையும் பார்த்திருக்கிறார். பாதையை மறித்து எல்லோரும் ஓடுவதைக் கண்டதும் காரை விட்டு இறங்கி அவர்களோடு ஓடி வந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை. எங்களையும் பீரங்கியையும் பார்க்க வந்தவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்திருந்தார். மகனுக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

ஆலைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. அதைக் கண்டிப்பாக நடத்துபவர் அவரே. உள்ளே இருக்கும் மகன் எடுக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப அடித்தார்.

"அத்தை, வெடிச்சது எங்களோடதுதான். ஆலையில ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

காரிலிருந்து தங்கை இறங்கி வந்தாள். நான் அவளை மறந்தே போயிருந்தேன். முகம் வெளுத்திருந்தது. ஆனால் நேராக அவரிடம் போய், "கேட்டுல வாச்மேன் நம்பர் இருக்குல்ல அத்தை, அதுக்குப் போடுங்க" என்றாள். அவருக்கு நம்பரைத் தேட வரவில்லை. தங்கை போனை வாங்கி, தேடி, அடித்து, அவர் காதில் வைத்தாள்.

வாச்மேன் பேசியது எங்களுக்கே கேட்டது. இங்கன ஒண்ணுமில்லையே, சின்னவரு உள்ளதான் இருக்காக, கூப்பிடவா என்றார். "வேண்டாம், வேலையப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவும் மண்ணில் உட்கார்ந்தார். ஊர்க்கார அக்காவுக்குப் பக்கத்தில். ஓடி வந்த மற்றவர்களும் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

தங்கை காரிலிருந்து தண்ணீர்க் கேனை எடுத்து வந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் காட்டில் அப்போது நின்றுகொண்டிருந்தது அவளும் நாங்கள் இரண்டு பேரும்தான்.

தண்ணீர் குடித்து முடித்து வெகுநேரம் கழித்து, சம்பந்தியம்மா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "தீபாவளிக்கு நீ கிரைண்டர ஓடவிட்டுக்கிட்டு இருப்பியாமே. பையன் சொன்னான். நான் சிரிச்சேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பூ மட்டும் வருமா? சத்தம் இல்லாம?" என்று கேட்டார்.

"குறைக்கலாம் அத்தை. உசரமும் குறைஞ்சிரும்."

"குறையட்டும்."

மறுநாள் நானும் என் கணவரும் அந்த ஊருக்குப் போய் வீடு வீடாக மன்னிப்புக் கேட்டோம். சிலர் வாங்க, உட்காருங்க என்றார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. அதுவும் நியாயம்தான். கல்யாணத்துக்கும் எல்லோரையும் அழைத்தோம். பீரங்கியில் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, வாஷரைப் புதிதாகப் போட்டு, காற்று ஏற்றிய பிறகு யாரும் குழல் பக்கம் போகாதபடி கயிறு கட்டினோம். ஆவணியில் மண்டபத்து வாசலில் அது 'ஹூம்' என்று பெருமூச்சு விட்ட மாதிரி சுட்டது. காகிதம் மண்டபத்து மாடி உயரம்தான் போயிற்று. சுடுவதற்கு முன்னால் சம்பந்தியம்மா மைக்கை வாங்கி, "இப்ப ஒரு சத்தம் வரும். காத்துதான். யாரும் பயப்படாதீக" என்று அறிவித்தார். முதலில் ஓடி வந்த அந்த அக்காவும் வந்திருந்தார். "சாப்பாடு அருமை. வெடிதான் காணோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கம் தூரத்தில் எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த ஒரு கணத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு அந்தக் காட்டில்தான் தெரிந்தது. இப்போது நானும், என் ஆட்கள் யார் யார் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஒருமுறை எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த வார்த்தையைப் பேசுகிறேன்.