அப்பாவின் படத்துக்கு விழுந்த மாலை

ஆடி மாதம், கல்யாணம் எதுவும் இல்லை. தருமபுரியில் சும்மா கிடந்த ஒரு சின்ன மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து என் ஓவியங்களை மாட்டியிருந்தேன். நடுவில் அப்பாவின் முகம், பெரிதாக, சட்டம் போட்டு. அப்பா லாரி ஓட்டுகிறவர். வண்டி இல்லாத நாட்களில் வீட்டில் உட்காரவைத்து வரைந்தது. நான் வரைகிற பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை மனுஷன். "இத மாட்டற எடத்துல ஒரு காலண்டர மாட்டுனா தேதியாவது தெரியும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் நாள் காலையில் வந்தவர்கள் மற்ற படங்களை ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பது போலப் பார்த்தார்கள். அப்பா படத்துக்கு முன்னால் மட்டும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பேர் செருப்பைக்கூடக் கழற்றினார்கள். இந்த ஊருக்கு ஓவியம் பார்க்கத் தெரியாது என்று வாய் ஓயாமல் திட்டியவள் நான். அன்றைக்கு மனசு குளிர்ந்துபோய், மொத்த ஊரையும் மன்னித்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, பென்னாகரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தணிந்த குரலில் கேட்டார்: "அப்பா தவறி எத்தன நாளாச்சுங்கம்மா?"

திரும்பிப் பார்த்தேன். படத்துக்கு மாலை போட்டிருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். கீழே ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

மண்டபத்தைக் கூட்டுகிற அம்மா ஓடிவந்தார். "ஒரு பூவுகூட இல்லாம வச்சிருந்தீங்களே, மனசு கேக்கலீங்க. நாந்தான் வாங்கியாந்து போட்டேன்."

அவரை என்ன சொல்வது? எங்கள் வீட்டிலும் செவுத்தில் சட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள்தான்.

"எங்கப்பா உசுரோட இருக்காருங்க" என்றேன். அந்த அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. கிருஷ்ணகிரியில் கல் ஏற்றிக்கொண்டு சேலம் போகிற அப்பா, இந்நேரம் அடிக்கடி லாரி கவிழ்கிற தொப்பூர் மலையில் இறங்கிக்கொண்டிருப்பார். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் போட்டேன். அதே குரல்தான்.

படம் வேறு, ஆள் வேறு என்று என்னிடம் வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் சொல்கிறவள் நான். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டு மாலையைக் கழற்றினேன். பொட்டை ஒரு துணியால் துடைத்தேன். எண்ணெய்ப் பெயிண்ட், இன்னும் சரியாகக் காயவில்லை. குங்குமம் அதோடு குழைந்து நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கியது. துடைக்கத் துடைக்கக் கன்னம் வரைக்கும் சிவப்பு பரவியது. தொப்பூர் ரோட்டோரம் ரத்தம் வழியத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு டிரைவரை ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அதே முகம்.

இன்னொரு தடவை போன் போட்டேன். கிடைக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது, சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி. பையிலிருந்து பெயிண்ட் கலக்கும் கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். முதலில் நெற்றி, பிறகு கண், மூக்கு, வாய். பெயிண்டுக்கு அடியில் இருக்கிற துணி தெரிகிற வரைக்கும் விடவில்லை. அந்த அம்மா அழுதுகொண்டே சட்டம் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

போன் அடித்தது.

"கண்ணு, மலை எறங்கிட்டேன். டீக்கடையில நிக்கறேன். எதுக்கு இத்தன தடவ கூப்புட்ட?"

"சும்மாதாங்கப்பா."

"நம்ம டிரைவருங்கல்லாம் இங்கதான் இருக்காங்க. எம்பொண்ணு என்னையப் படம் போட்டு மண்டபத்துல வச்சிருக்குதுன்னேன், ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். நாளைக்குத் திரும்பி வர்றப்ப எல்லாத்தையும் கூட்டியாறேன். நானும் இன்னும் பாக்கலியே." குரலைத் தணித்துக்கொண்டார். "மூஞ்சி என்னைய மாதிரியே வந்திருக்குதா கண்ணு?"

கத்தியில் அப்பியிருந்த பெயிண்டைப் பார்த்துக்கொண்டே, "வந்திருக்குதுங்கப்பா" என்றேன்.