மரப்பட்டை வரைந்த தூண்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. நான்கரைக்கு எழுந்தேன். அப்பாவுக்கு வெந்நீரும் மூச்சுக்கான மருந்தும் கொடுத்துவிட்டு, மாரிகுப்பத்தில் முதல் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போனேன். வீடு திரும்பியபோது மாலை ஏழு. ஒரு வாரமாகத் தூறல். வாசல் முகப்பின் தூணில் சேறு தெறித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன்.

அது சிமெண்ட் தூண். மூன்று வருடங்களுக்கு முன் முகப்புக் கட்டியபோது, மரம் போல இருக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் கேட்டவன் நான். பூச்சு காய்வதற்குள் அவர் சீப்பால் மேலிருந்து கீழாகக் கோடுகள் இழுத்தார். பாட்டில் மூடியை அழுத்தி மரக்கணுக்கள் வைத்தார். மேலே காவி வண்ணம். தங்கச் சுரங்கத்தில் முப்பது வருடம், பாறை சரியாமல் தாங்கும் மரமுட்டுகளுக்கு அடியில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். பிடித்தது. வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலை அந்தத் தூணோரமாகவே போட்டுக்கொண்டார்.

துடைத்த இடம் காய்ந்தது. ஒரு கோடு மட்டும் காயவில்லை. அது மற்றக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கணுவிலிருந்து என் முழங்கால் உயரம்வரை சாய்வாக இறங்கியது. சாவியை நுழைத்துப் பார்த்தேன். பாதி உள்ளே போனது. தினமும் இதைத் தாண்டித்தான் போகிறேன். எத்தனை நாளாக இதையும் மரப்பட்டைக் கோடு என்று எண்ணியிருந்தேனோ தெரியவில்லை.

"நைனா, உள்ள வந்து படுங்க. தூண் வெடிச்சிருக்கு."

அப்பா எழவில்லை. "இன்னாடா பயம்? முட்டு கத்தாம வுழாது. கத்தினா எழுந்து ஓடிட மாட்டனா?"

சுரங்கத்தில் அப்படித்தான். பாறையின் பாரம் ஏறினால் மரம் முதலில் முனகும், நார் நாராகத் தெறிக்கும். அந்தச் சத்தம் கேட்டு ஓடித்தான் அவர் இரண்டு முறை பிழைத்தார்.

"பாத்ரூம் போறதுக்கே ரெண்டு தபா உக்கார்றீங்க மாமா, நீங்க ஓடுவீங்களா?" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது.

"இது மரம் இல்ல நைனா. சிமெண்ட். ஒண்ணும் சொல்லாது, கூரையோட அப்படியே வந்துடும்."

"எனக்குத் தெரியாதா? மரம் மாரி வோணும்னு நீதானே கேட்ட."

நானும் மனைவியும் கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவரோடு சேர்த்தே உள்ளே தூக்கிப் போட்டோம். ஜன்னலைத் திறந்து வைத்தும் அவருக்குக் காற்று போதவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். கொத்தனாருக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமைதான் வர முடியும் என்றார்.

மறுநாள் காலை எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கதவு திறந்திருந்தது. அப்பா முகப்பில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தூணில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் தூணைப் பிடித்துக்கொள்வாரோ என்று பயம். பின்னால் போய், அவருடைய அக்குளுக்கடியில் என் கைகளைக் கொடுத்துத் தூக்கி, தெருவில் கூரையில்லாத இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். பல் துலக்கியது அதற்குப் பிறகு.