இடது பின்கதவின் கோணல்

பல் டாக்டருக்குக் கோணல் என்றால் ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும், சாய்ந்து தொங்கும் சுவர்ப் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். பெண் பார்க்க வந்த அன்று தன் முகத்தைவிடப் பல்வரிசையைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அவர் மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் மாமனார் தன் காரை ஒப்படைத்தார். ஒரு சிறிய தொழிற்சாலை கையால் தட்டிச் செய்த வண்டி அது. செய்தவை சொற்பம், இன்று பிழைத்திருப்பவையோ அதைவிட அதிகம். இந்த அதிசயத்தை விசாரிப்பதற்கென்றே பழைய கார் கிளப்பில் நடுவர்கள் இருந்தார்கள்.

வண்டியின் இடது பின்கதவு கீழ் விளிம்பில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. என்றோ இடித்த இடம் என்று டாக்டர் முடிவு கட்டினார். தகடு தட்டும் டிங்கர் ஒருவரைப் பிடித்து, பல்லுக்குக் கம்பி போடும் பொறுமையோடு பக்கத்திலேயே நின்று நேராக்கினார். மாமனார் வந்து கதவின் இடைவெளியில் விரலை ஓட்டிப் பார்த்தார். "ம்" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

கிழவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. வண்டி அசல் இல்லை, எவனோ ஏமாற்றி விற்ற நகல் என்று நண்பர்கள் ஆயுள் முழுக்கச் சீண்டியிருக்கிறார்கள். அசல் என்று சான்று சொல்லும் கிளப்பின் பித்தளை வில்லை வண்டியின் மூக்கில் ஏறிவிட்டால் எல்லார் வாயும் அடைபடும். அடைபட வேண்டிய வாய்களில் பாதி ஏற்கெனவே காலமாகியிருந்தன என்பது வேறு விஷயம். வில்லை கொடுக்கும் கண்காட்சி வருடத்துக்கு ஒருமுறைதான். அவர் வயதில் 'அடுத்த வருஷம்' என்று சொல்ல வீட்டில் எல்லாரும் தயங்கினார்கள்.

கண்காட்சி நாளில் அவர் கோட்டு மாட்டிக்கொண்டு, தூரத்தில் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவர் டார்ச்சோடு வண்டியின் அடியில் புகுந்து, வெளியே வந்து, இடது பின்கதவை அளந்தார். பிறகு துக்க வீட்டுக்கு வந்தவர் போல டாக்டரின் தோளைத் தொட்டார். அந்தத் தொழிற்சாலையில் இடது பின்கதவின் அச்சே கோணலாம். அசல் வண்டி ஒவ்வொன்றிலும் அந்தக் கதவு இறங்கித்தான் இருக்குமாம். நகல் செய்கிறவர்கள்தான் மெனக்கெட்டு நேராகச் செய்கிறார்களாம்.

நேராக்கியது தான்தான் என்று டாக்டர் ஒன்று விடாமல் சொன்னார்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க டாக்டர்" என்றார் நடுவர், கனிவாகவே. டாக்டர் வண்டி எண்ணைக் காட்டினார். உளி வைத்திருக்கிற எவனும் எண்ணை அடிக்கலாம் என்று பதில் வந்தது. டிங்கரைப் போனில் கூப்பிட்டார். அவரோ, வேண்டுமானால் பழையபடி கோணலாக்கித் தருவதாக உற்சாகமாகச் சொல்லி, இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் கெடுத்தார். உண்மையான வண்டி உண்மை என்று பெயர் வாங்க ஒரு பொய்க் கோணல் தேவைப்பட்டது. அதைச் செய்தால் அதுவும் மோசடி. மனைவி கையோடு கொண்டுவந்திருந்த குடும்ப ஆல்பத்தைப் புரட்டினார்கள். எல்லாப் படத்திலும் வண்டி வலது பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று டாக்டருக்கு அப்போதுதான் லேசாகப் புரிந்தது.

மிச்சம் இருந்த சாட்சி உரிமையாளர் ஒருவர்தான். காரணத்தை முன்கூட்டிச் சொல்லாமல் கேட்க வேண்டும் என்பது கிளப்பின் விதி. நடுவர் நாற்காலி அருகே போய்க் குனிந்தார்.

"ஐயா, இந்த இடது பின்கதவு முன்னாடி கோணலா இருந்துச்சா?"

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோணலா? என் வண்டியிலயா? வாங்கின நாள்ல இருந்து ஒரு நூல் பிசகினதில்ல."

"மாமா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மாப்பிள்ளை? நீங்க நேத்து வந்தவர்."

நேற்று வந்தவருக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். நடுவர், கிழவரின் மகள் பக்கம் திரும்பினார். சிறுமியாக அந்தக் கதவோரம் உட்கார்ந்து, மழைக்காலம் முழுக்க இடது கால் நனைந்தபடி பள்ளிக்கூடம் போனவள் அவள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றாள்.

வண்டியை நகல்களின் வரிசையில் வேண்டுமானால் நிறுத்தலாம் என்றார்கள். டாக்டர் வீட்டுக்கே ஓட்டினார். மனைவி முன்னால் வெளியே பார்த்தபடி வந்தாள். மாமனார் பின்னால், வழக்கமான இடது ஓரத்தில்.

"என்ன குறை சொன்னாங்க மாப்பிள்ளை?"

சொன்னால், தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் அதையே சொல்வார்.

"ஏதோ விதிமுறையாம் மாமா."

"எல்லாம் வேண்டியவங்களுக்குக் குடுத்துக்கறது" என்றார் கிழவர். டாக்டர் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் டாக்டர் பார்த்தார்: மாமனார் பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து, நீளவாக்கில் நாலாக மடித்து, பார்க்காமலேயே கதவின் கீழ் விளிம்பில் செருகப் போனார். செருக இடம் இல்லை. இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வரும் என்று காத்திருப்பவர் போல அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு வரும்வரை ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.